திறந்தவெளி மெஷ் வைஃபை விட்டு விட்டு வருகிறதா? முதலில் சொந்த நோடுகளைச் சந்தேகப்படுங்கள்

சிங்கப்பூரில் கோயில் வளாகம், ஊழியர் தங்குவிடுதி முற்றம், சமூகத் தோட்டம் என்று, ஒன்றுக்கொன்று வைஃபையிலேயே பேசி நெட்டைக் கடத்தும் மெஷ் நோடுகளை நாலைந்து கம்பத்தில் மாட்டி வைத்திருப்பவர்களிடம் நெட் ஏன் அறுந்து போகிறது என்று கேட்டால், எல்லாரும் பக்கத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கைத்தான் கைகாட்டுவார்கள். வீட்டுக்கு வீடு ரௌட்டர் இருப்பது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது நம் நோடுகளேதான்.

அதற்கும் முன்னால், இது குறுக்கீடுதானா, அதாவது வேறு அலை வந்து முட்டுவதுதானா என்று பாருங்கள். நோடின் அட்மின் பக்கத்தில் சிக்னல், இரைச்சல் என்று இரண்டு எண்கள் டிபிஎம் அளவில் இருக்கும்; பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம் அதிகம். சிக்னலே மைனஸ் 75 டிபிஎம், மைனஸ் 80 என்று இறங்கிக் கிடந்தால் சேனலை மாற்றிப் பயனில்லை: ஆன்டெனா திரும்பியிருக்கும், இணைப்பானில் தண்ணீர் புகுந்திருக்கும், இல்லாவிட்டால் நடுவில் மரம் வளர்ந்திருக்கும். நம்மூரில் இந்த மரத்தை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. 5.8 கிகாஹெர்ட்ஸில் 200 மீட்டர் இணைப்பு என்றால் நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி ஒரு மீட்டராவது காலியாக இருக்க வேண்டும், கண்ணுக்கு எதிர் நோடு தெரிந்தால் மட்டும் போதாது, ஒரு தூங்குமூஞ்சி மரக்கிளை ஓரமாக நீட்டினாலே இணைப்பு தடுமாறும். மழை பெய்தால் நெட் போகிறது என்பவர்களும் மேலே பார்க்க வேண்டும். இவ்வளவு குறைந்த தூரத்தில் மழைத்துளி பெரிதாக ஒன்றும் செய்யாது, நனைந்த இலையும் ஈரமான இணைப்பானும்தான் செய்யும்.

சிக்னல் மைனஸ் 60 என்று நன்றாக இருந்தும் வேகம் படுத்துவிட்டால், தரவை மறுபடி மறுபடி அனுப்பும் மறுமுயற்சிகள் எகிறினால், இரைச்சல் மைனஸ் 95-லிருந்து மைனஸ் 85-க்கு ஏறினால், சரி, இது குறுக்கீடுதான்.

இப்போது ஆள் இல்லாத நேரத்தில் ஒரு நோடைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அந்தச் சேனல் எத்தனை சதவீதம் பரபரப்பாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாக உயிர்ப்பியுங்கள். யாரும் பயன்படுத்தாதபோதே அந்த எண் ஏறிக்கொண்டு போனால் குற்றவாளி உள்ளேதான். ஒரு நோடிலிருந்து அடுத்த நோடுக்குப் போகும் தாவல்கள் எல்லாம் ஒரே ரேடியோவில் ஓடினால் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும், அதனால் நோடுகளுக்கிடையிலான இணைப்பைத் தனி ரேடியோவுக்கு மாற்றுங்கள். ஒரே கம்பத்தில் இரண்டு ரேடியோ இருந்தால் ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் தள்ளி மாட்டுங்கள், அடுத்தடுத்த சேனல்களைக் கொடுக்காதீர்கள். நோடு சிக்னலை அனுப்பும் சக்தியை உச்சத்தில் வைப்பதும் வேண்டாம். பக்கத்துப் பக்கத்து நோடுகள் தேவைக்கு மேல் கேட்டுக்கொண்டால் ஒன்று பேசி முடிக்க மற்றது காத்திருக்க வேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் கைப்பேசிகளுக்கு மட்டும் விட்டுவிடுங்கள். 1, 6, 11 தவிர வேறு சேனல் வேண்டாம், 3 காலியாகத் தெரிகிறதே என்று போய் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் அடி வாங்குவீர்கள். நோடுகளுக்கிடையே 5 கிகாஹெர்ட்ஸ், அதிலும் 20 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் அகலம். 80 பேராசை: 149 முதல் 165 வரை 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் ஐந்தே, அதில் நான்கை ஒரே இணைப்பு விழுங்கிவிடும். அகலம் இரட்டிப்பானால் உள்ளே வரும் இரைச்சலும் 3 டெசிபல் கூடும்.

மொத்த மெஷ்ஷும் திடீரென்று காணாமல் போய் ஒரு நிமிடம் கழித்துத் திரும்புகிறதா? ரேடாருக்கு வழிவிட வேண்டிய 52–64, 100–144 சேனல்களில் இருக்கிறீர்கள். ரேடார் மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் ரேடியோ 10 விநாடிக்குள் விலக வேண்டும், 30 நிமிடத்துக்கு அங்கே திரும்பக்கூடாது, அதே வகையில் இன்னொரு சேனலுக்குப் போனால் அங்கேயும் குறைந்தது 60 விநாடி கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். லாக்கில் ரேடார் என்று பதிவாகியிருக்கும். சாங்கி, சிலேத்தார், விமானப்படைத் தளங்கள் என்று எல்லாமே பக்கத்தில் இருக்கும் தீவில் இது வியப்பில்லை. நான் நேராக 149-க்கு மேலே போய்விடுவேன், அங்கே அனுமதிக்கப்பட்ட சக்தியும் 36–48 சேனல்களை விட அதிகம்.

இரைச்சல் ஏறுகிறது, ஆனால் ஸ்கேன் செய்தால் எந்த நெட்வொர்க்கும் தெரியவில்லை என்றால் நேரத்தைக் கவனியுங்கள். சாப்பாட்டு வேளையில் மட்டும் 2.4 படுத்தால் பக்கத்து உணவங்காடியின் மைக்ரோவேவ் அடுப்பைப் போய்ப் பாருங்கள். தைப்பூசம், தீமிதி மாதிரி நாட்களில் கூட்டத்தில் திறந்துவிடும் ஹாட்ஸ்பாட்டுகளும் சேரும், மனித உடம்பும் அலையை உறிஞ்சும், ஆகவே நோடு தலைக்கு மேலே நன்றாக உயரத்தில் இருக்கட்டும்.

கடைசியாக, நோடின் அமைப்புப் பக்கத்தில் நாட்டை மாற்றினால் சக்தி கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வரம்பை மீறுவது ஒரு பக்கம் இருக்கட்டும், நோடு மட்டும் கத்தினால் கைப்பேசி திருப்பி அனுப்பும் சிக்னல் ஒரு துளியும் அதிகரிக்காது.