தொற்றுக் காலத்தில் தெருவில் ஒரு வீட்டிலும் ஃபியூஸ் பிடுங்காமல் இருக்க என்ன செய்யலாம்?

2020 ஊரடங்கில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் கட்ட அவகாசம் கொடுத்தார்கள். முதலில் ஏப்ரல் 14, அப்புறம் மே 6, அதற்கு மேலும் நீண்டது. எங்கள் தெருவில் பலர் அதைத் தள்ளுபடி என்றே நினைத்துக்கொண்டார்கள். கெடு முடிந்ததும் எல்லாம் சேர்ந்து ஒரே பில்லாக வந்து நின்றது. அவகாசம் முடிகிற அந்த வாரத்தில்தான் ஏழை வீடுகளில் கரண்ட் போகும். அதனால் வேலையை முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும்.

படி 1: ஒரு நோட்டுப் போடுங்கள்

வீட்டுக்கு ஒரு பக்கம். சர்வீஸ் நம்பர், இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, கடைசி ரீடிங் தேதி. அதன் கீழே, கரண்ட் போனால் அந்த வீட்டில் யாருக்கு ஆபத்து என்று எழுதுங்கள்: ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்), நெபுலைசர், படுத்த படுக்கையாக இருப்பவரின் காற்று மெத்தை, ஃபிரிட்ஜில் இன்சுலின். லைன் வீடுகளில் மோட்டாருக்குத் தனி சர்வீஸ் இருக்கும். அதை மறந்துவிடாதீர்கள், அது போனால் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் போச்சு.

படி 2: தேதியைக் கணக்குப் போடுங்கள்

பணம் கட்ட ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள், அவ்வளவுதான். துண்டிப்பதற்கு முன் எழுத்தில் 15 நாள் அறிவிப்பு தர வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நம் ஊரில் வீட்டு இணைப்புக்குத் தனியாக நோட்டீஸ் வராது, ரீடிங் குறிப்பதே அறிவிப்புதான். ‘நோட்டீஸ் வரட்டும்’ என்று காத்திருந்தால் லைன்மேன்தான் வருவார்.

படி 3: மீட்டரைப் படம் எடுங்கள்

தொற்றுக் காலத்தில் ரீடிங் எடுக்க ஆள் வராமல் போகலாம். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். பக்கத்தில் ‘கே.டபிள்யூ.எச்.’ (kWh, அதாவது யூனிட்) என்று வரும்வரை பொறுத்திருந்து, மீட்டர் நம்பரும் தெரியும்படி படம் எடுங்கள். 2021 மே மாதம் இப்படி எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார்கள்.

படி 4: பில்லைச் சரிபாருங்கள்

பணம் வீணாகும் இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். ஒரு தடவை ரீடிங் எடுக்காமல் விட்டு, நான்கு மாதத்துக்கும் சேர்த்து 760 யூனிட் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரே பில்லாகப் போட்டால் இலவச யூனிட் ஒரு தடவைதான் கழியும். 500-ஐத் தாண்டிவிடுவதால் ரேட்டும் ஏறும். இரண்டாகப் பிரித்து 380, 380 என்று போட்டால் இலவசம் இரண்டு தடவை கிடைக்கும், 500-ஐத் தொடவே தொடாது. 2020-ல் மின்வாரியம் இப்படித்தான் பிரித்தது. முந்தைய பில் தொகையை ஏற்கெனவே கட்டியவர்களுக்கு அந்தப் பணத்தைக் கழித்தது. கழித்திருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள்.

கான்சென்ட்ரேட்டர் இருக்கும் வீட்டுக்குத் தனிக் கணக்கு. 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 8 யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதத்தில் 500. ஃபேன், லைட் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. தெருவில் பணம் திரட்டினால் முதல் பங்கு இந்த வீட்டுக்கு.

படி 5: கட்டும்போது பெயரைப் படியுங்கள்

ஒரு பாட்டிக்காக நானே ஆப்பில் கட்டினேன். ஒரு எண் மாறிவிட்டது. திரையில் வேறு யாரோ பெயர் வந்தது, நான் பார்க்காமல் அழுத்திவிட்டேன். மூன்றாம் நாள் பாட்டி வீட்டில் ஃபியூஸ் கேரியர் இல்லை. தப்பு என்னுடையது, வேர்த்துக் கொட்டியது பாட்டிக்கு.

படி 6: முடியாதவர்களுக்கு மனு

பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு ஒரு பக்கம் போதும். நோயாளி விவரம், டாக்டர் சீட்டின் நகல், எத்தனை தவணையில் கட்ட முடியும் என்ற கணக்கு. இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீல் வாங்குங்கள். இது வேண்டுகோள்தான், ஆனால் வாயால் சொன்னதை நாளைக்கு யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

பில்லே தப்பு என்றால் அது வேறு கதை. ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்து, கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாத சராசரிக் கட்டணப்படி வரும் தொகை, இதில் எது குறைவோ அதைக் கட்டினால் தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. அதே 56-ஆம் பிரிவில் இருக்கிறது. அதற்கு மேல் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அப்புறம் மின் குறைதீர்ப்பாளர்.

படி 7: வாடகை வீடுகள்

வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரரே மெயினை அணைப்பதுண்டு. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி அவர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது, வாடகை அதிகாரியிடம் மனு போடலாம். ஆனால் முதலில் யாராவது பெரியவர் போய்ப் பேசிப் பாருங்கள், பாதி அங்கேயே முடியும்.

அப்படியும் பிடுங்கிவிட்டால்

பாக்கியையும் மறு இணைப்புக் கட்டணத்தையும் கட்டி, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் பேசுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். நீங்களே கம்பி சொருகாதீர்கள், பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுக்கவும் வேண்டாம். கான்சென்ட்ரேட்டர் வீட்டுக்கு உடனே சிலிண்டர் ஏற்பாடு செய்யுங்கள். இன்சுலினை அடுத்த வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம் என்று அந்த வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள், உறைந்துபோன இன்சுலின் எதற்கும் ஆகாது.