தம்பியின் ரம்மியும் சம்பளக் கணக்கும்

கடன் ஆப்காரர்கள் என் எண்ணுக்கே அழைத்தபோதுதான் தம்பி ஆன்லைன் ரம்மியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்று தெரிந்தது. அறிகுறிகள் முன்பே இருந்தன. ஜெயித்ததை மட்டும் சொல்வான், போனைக் கவிழ்த்தே வைப்பான், விட்டதைப் பிடிக்க இன்னும் பெரிதாகக் கட்டுவான். இந்தக் கடைசிப் பழக்கம்தான் ஆபத்தானது.

அம்மா சத்தியம் வாங்கினார். சம்பள நாள் வரை தாங்கியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. இவனோ டெலிகிராம் ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுத் தளத்துக்குப் போய்விட்டான்.

சரி, ஆளைப் பிடிப்பதை விட்டுவிட்டு, அவன் சம்மதத்தோடு பணத்தின் வழியை அடைத்தோம். சம்பளக் கணக்கிலிருந்து யுபிஐயை எடுத்துவிட்டோம். சம்பளம் வந்ததும் பெரும்பகுதி அவன் மனைவியின் கணக்குக்குத் தானாகப் போய்விடும். கைச்செலவுக்குத் தனியாக ஒரு சின்னக் கணக்கு, யுபிஐ அதில் மட்டும். கிரெடிட் கார்டை மூடியாயிற்று.

கடனை நான் அடைக்கவில்லை. வீட்டில் இதற்குப் பெரிய சண்டை. ஆனால் மொத்தமாக அடைத்தால் மறுபடி கடன் வாங்க இடம் கிடைத்துவிடும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அவன் சம்பளத்திலிருந்தே தவணை கட்டுகிறோம்.

அப்புறம் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். முதல் அழைப்பில் நான்தான் பேசினேன், அடுத்ததில் அவன்.

பந்தய ஆசை கூடும் ஐபிஎல் மாதங்களில் கைச்செலவுக் கணக்கின் வரம்பை இன்னும் குறைக்கிறோம். அது அவனே கேட்டது.