கழுத்தோரம் உரிந்த எழுத்து

அக்கா மகனின் கபடிக் குழுவுக்கு 12 பருத்தி டீ-ஷர்ட்டில் வினைல் (சூட்டில் துணியோடு ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) எழுத்து ஒட்டினேன். சூடான தட்டால் அழுத்தும் ஹீட் பிரஸ் இயந்திரத்தில் 155 டிகிரி, 15 நொடி. வினைல் பாக்கெட்டில் போட்டிருந்த கணக்குதான். முதல் துவைப்பிலேயே கழுத்தோர எழுத்துகள் மட்டும் உரிந்துவிட்டன. சூட்டைக் கூட்டினேன், துணிதான் பழுப்பேறியது.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. கழுத்துத் தையல் மேடு தட்டைத் தூக்கிப் பிடிக்க, பக்கத்தில் அழுத்தமே விழவில்லை. பழைய மவுஸ் பேடை டீ-ஷர்ட்டுக்குள் நுழைத்து, தையல் அதன் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைத்தேன். வெறும் துணியை முதலில் 5 நொடி அழுத்தியதும் புஸ்ஸென்று ஆவி வந்தது. அவ்வளவு ஈரம்! எழுத்தைத் தாங்கி வரும் மேல்தாளையும் நன்றாக ஆறவிட்டே உரித்தேன். இப்போது நகத்தால் சுரண்டினாலும் அசையவில்லை.

மரப்பலகையில் ஒட்டுவதென்றால் உப்புத்தாள் போட்டுத் தூசியைத் துடைத்தாலே போதும். எவர்சில்வர் டம்ளர்தான் படுத்தியது. பாலிமர் பூச்சுள்ளது வாங்கிய பிறகே சப்ளிமேஷன் படம் (சூட்டில் ஆவியாகும் மையால் பதிக்கும் படம்) பிடித்தது.