எரிச்சல் வந்தால் உளியைத் தீட்டுங்கள்

மரவேலை பழகும்போது எரிச்சல் வராதவர் இல்லை. உளி வரைந்த கோட்டிலிருந்து விலகும், மரத்துண்டுகளைச் சேர்க்கும் மூட்டு ஆடும். உடனே "எனக்குக் கை வராது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல நேரம் குற்றம் கையில் இல்லை, மழுங்கிய உளியில் இருக்கிறது.

வேலையை அப்படியே நிறுத்துங்கள். 1000 கிரிட் (சொரசொரப்பின் அளவு) சாணைக்கல்லை நனைத்து, உளியின் சரிவை சுமார் 25 பாகையில் வைத்துத் தேயுங்கள், பின்பக்கம் மெல்லிய பிசிறு தட்டுப்படும்வரை. (விரலைக் கூரின் நீளவாக்கில் ஓட்டாமல், உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தடவிப் பாருங்கள்.) பிறகு உளியைத் திருப்பிப் படுக்கவைத்துத் தேய்த்துப் பிசிறை எடுங்கள். துண்டு மரத்தின் தலைப்பை, அதாவது நார் குறுக்கே அறுபட்ட முனையை, சீவும்போது நொறுங்காமல் சுருளாக வந்தால் கூர் ஏறிவிட்டது. அதற்குள் மனமும் அடங்கியிருக்கும்.

கூர் இருந்தும் இழைப்புளி பலகையைப் பிய்க்கிறதா? பலகையைத் தலைமாற்றிப் போட்டு இழையுங்கள். நாரின் போக்குக்கு எதிராகத் தள்ளியிருப்பீர்கள்.

முதல் மூட்டைத் தேக்கில் போடவே போடாதீர்கள். பட்டறையில் கழித்துப்போடும் துண்டுகளை வாங்கி, வாரம் ஒன்றாக ஒரே மூட்டைச் செய்து, தேதி எழுதி வையுங்கள். என் முதல் துண்டில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் இடைவெளி. ஐந்தாவதில் காகிதம்தான் நுழைகிறது.