துப்பாக்கி லைசன்ஸ்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை

ஒன்ராறியோவின் வடக்கிலோ, சஸ்காச்சுவானிலோ, நியூ பிரன்ஸ்விக்கிலோ வேலை கிடைத்துப் போனால், இலையுதிர் காலத்தில் வேலையிடத்தில் மான் வேட்டைப் பேச்சு காதில் விழும். யாராவது உங்களையும் கூப்பிடக்கூடும். அந்தப் பக்கங்களில் வேட்டைத் துப்பாக்கி பல வீடுகளில் சாதாரணமாக இருக்கும் பொருள். இராணுவத்தின் கையிலும் இயக்கங்களின் கையிலும் மட்டுமே துவக்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கோ, கலெக்டர் அலுவலகத்தில் லைசன்ஸ் வாங்கி, தேர்தல் வந்தால் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வரும் பெரிய வீட்டுச் சங்கதியாகத்தான் அது தெரியும். இரண்டு அனுபவமுமே இங்கே உதவாது. ஊரில் எடுத்த துப்பாக்கி லைசன்ஸும் இங்கே செல்லாது.

சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பது கனடாவில் முடியாத காரியம் இல்லை. ஆனால் லைசன்ஸ் கைக்கு வந்த நாளோடு கடமை முடிந்துவிடாது. அது உங்கள் துணைவரையும், வீட்டுப் பூட்டையும், குடிவரவு நிலையையும் தொடும். அதைத் தெரிந்துகொண்டு இறங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

லைசன்ஸின் பெயர் பி.ஏ.எல். (துப்பாக்கி வைத்திருக்கவும் வாங்கவும் தரும் அனுமதி). 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கனடியக் குடியுரிமை கட்டாயமில்லை. முதலில் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு. எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் குறைந்தது 80 சதவீதம் எடுக்க வேண்டும். பிறகு கனடாவின் கூட்டாட்சிப் பொலிஸான ஆர்.சி.எம்.பி.க்கு விண்ணப்பம்: உங்களைத் தெரிந்த இருவர் சாட்சி சொல்ல வேண்டும், புகைப்படத்தை ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். முதல் தடவை விண்ணப்பிப்பவருக்கு எப்படியும் 28 நாள் காத்திருப்பு உண்டு, நடைமுறையில் அதைவிடக் கூடவே ஆகும். கனடாவில் ஐந்து ஆண்டுகள்கூட ஆகாதவர்களிடம் முன்பு வாழ்ந்த நாட்டின் பொலிஸ் நன்னடத்தைச் சான்று கேட்கப்படலாம். குடிவரவுக்காக எடுத்த சான்றின் பிரதி இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். லைசன்ஸ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். வேட்டைக்குப் போக அது மட்டும் போதாது. ஒன்ராறியோவில் வேட்டைப் பயிற்சி முடித்து, அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அட்டை எடுத்து, வேட்டை லைசன்ஸும் வாங்க வேண்டும்.

விண்ணப்பத்தில் ஒரு பகுதியை நம்மவர்கள் சும்மா நிரப்பிவிட்டுப் போகக்கூடாது. இப்போதைய துணைவரும், கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பிரிந்த துணைவர் இருந்தால் அவரும் அதில் கையெழுத்திட இடம் உண்டு. கையெழுத்து இல்லாவிட்டால் விண்ணப்பம் தானாகத் தள்ளுபடி ஆகாது. ஆனால் மாகாணத்தின் தலைமை ஆயுத அதிகாரி கையெழுத்திடாத அந்தத் துணைவருக்கு நேரடியாகத் தகவல் தெரிவிப்பார். 1989 டிசம்பர் 6 அன்று மொன்றியலின் எக்கோல் பொலிடெக்னிக் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1995 ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்துக்கு வழிவகுத்தது அந்தக் கொலைகள்தான்.

இதை வாசிக்கும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்: "இதில ஒரு கையெழுத்துப் போடு" என்று யாராவது படிவத்தை நீட்டினால் வாசித்துப் பார்க்காமல் போடாதீர்கள். அந்த இடம் உங்களுக்காக வைக்கப்பட்டது. வீட்டில் பயம் இருந்தால் அதிகாரியிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. லைசன்ஸ் கொடுத்த பிறகும் சொல்லலாம். குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களுக்கும், பாதுகாப்பு உத்தரவுக்கு உள்ளானவர்களுக்கும் லைசன்ஸ் கிடைப்பதை 2023 இல் நிறைவேறிய சி-21 சட்டம் இன்னும் இறுக்கியிருக்கிறது. வீட்டுப் பிரச்சினை வெளியே தெரியக்கூடாது என்று மூடி வைக்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதே படிவத்தில் மனநலம் பற்றியும் கேள்விகள் வரும். போரைக் கண்டு வந்தவர்களில் பலர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்திருப்பார்கள். "ஆம்" என்று எழுதினால் விண்ணப்பம் உடனே மறுக்கப்படும் என்றில்லை. விசாரிப்பார்கள், தேவைப்பட்டால் வைத்தியரிடம் கேட்பார்கள். பொய் எழுதுவதுதான் குற்றம். அதற்காகச் சிகிச்சைக்கே போகாமல் இருப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. மனம் சரியில்லாத காலத்தில் வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

லைசன்ஸ் வந்த பிறகு உங்கள் பெயர் நாள்தோறும் பொலிஸ் பதிவுகளோடு ஒப்பிடப்படும். வீடு மாறினால் 30 நாட்களுக்குள் புதிய முகவரியை அறிவிக்க வேண்டும். முதல் வருடத்திலேயே பேஸ்மென்ட் விட்டு பேஸ்மென்ட் மாறும் புதியவர்கள் மறந்துபோவது இதைத்தான். சாதாரண ரைபிளும் ஷொட்கன்னும் வீட்டில் தோட்டா இல்லாத நிலையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் விசையில் பூட்டுப் போட வேண்டும், அல்லது போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளும் பாகம்) கழற்றிவிட வேண்டும், அல்லது எளிதில் உடைக்க முடியாத அலுமாரியில் பூட்டி வைக்க வேண்டும். தோட்டாக்களும் சட்டென்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போவது சட்ட மீறல். சிறு பிள்ளைகளும், அண்ணன் தம்பி குடும்பங்களும், வாடகைக்கு இருப்பவர்களும் ஒரே கூரையின் கீழ் வாழும் நம் வீடுகளில் சட்டம் கேட்பதைவிட ஒரு பூட்டு கூடுதலாகப் போடுங்கள்.

பிஸ்டல் வாங்க நினைத்தால், அந்தக் கதவு மூடிவிட்டது. 2022 அக்டோபர் 21 முதல் தனியாட்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டன. ஒலிம்பிக் தரப் போட்டியாளர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருப்பவர்கள் வைத்திருக்கலாம், அனுமதி பெற்ற இடத்தில் சுடலாம். ஆனால் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க முடியாது.

லைசன்ஸ் வைத்திருப்பவர்களின் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் ஒருவன் 22 பேரைக் கொன்றான். அவனிடம் லைசன்ஸே கிடையாது. அவன் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து கடத்தி வந்தவை. அதே ஆண்டு மே 1 அன்று அரசு ஏஆர்-15 ரைபிள் உட்பட சுமார் 1,500 துப்பாக்கி மாடல்களைத் தடை செய்தது. முதல் நாள் வரை சட்டப்படி வைத்திருந்ததை அடுத்த நாள் சுடவோ விற்கவோ முடியவில்லை, பூட்டி வைக்க மட்டும் முடிந்தது. அவற்றை வைத்திருப்பதற்காக வழக்குப் போடாமல் 2022 ஏப்ரல் 30 வரை என்று கொடுத்த மன்னிப்புக் காலம் பிறகு பலமுறை நீட்டப்பட்டது. 2024 டிசம்பரில் இன்னும் 324 மாடல்கள் பட்டியலில் சேர்ந்தன. ஒழுங்காகப் பதிந்தவன் மேல் பாரம் ஏறுகிறது, கடத்துபவன் தப்புகிறான் என்று வேட்டைக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பயிற்சி, காத்திருப்பு, துணைவருக்கு அறிவித்தல், பூட்டு ஆகிய அடிப்படை விதிகளை அந்தக் கோபத்தோடு சேர்த்துத் தள்ளிவிட என்னால் முடியாது. உங்களுக்கான பாடம் நடைமுறையானது: வாங்குவதற்கு முன் அந்த மாடல் இன்றைக்கு எந்த வகுப்பில் (சாதாரணமா, கட்டுப்படுத்தப்பட்டதா, தடை செய்யப்பட்டதா) இருக்கிறது என்று ஆர்.சி.எம்.பி.யின் பட்டியலில் பாருங்கள். கடைக்காரர் போன வருடம் சொன்னது இந்த வருடம் சரியாக இருக்கும் என்று இல்லை.

துப்பாக்கி என்று நாம் நினைக்காத சில பொருட்களும் மாட்டிவிடும். தற்காப்புக்கு என்று இந்தியாவில் கடையில் வாங்கும் பெப்பர் ஸ்ப்ரே கனடாவில் தடை செய்யப்பட்ட ஆயுதம். பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். அணிலை விரட்ட வாங்கும் காற்றுத் துப்பாக்கி விநாடிக்கு 152.4 மீட்டர் வேகத்தையும் 5.7 ஜூல் சக்தியையும் தாண்டினால் அதற்கும் லைசன்ஸ் வேண்டும். தாண்டாவிட்டாலும் நகருக்குள் சுட நகரசபை விதிகள் விடாமல் போகலாம்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு விலை இன்னும் பெரிது. 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், அல்லது 6 மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தால், நிரந்தர வதிவிடமே பறிபோகலாம். துப்பாக்கிக் குற்றங்கள் பல இந்த வரம்புக்குள் வந்துவிடும். யாராவது "கொஞ்ச நாள் உன்னட்ட வைச்சிரு" என்று ஒரு பையைத் தந்தால் வாங்காதீர்கள், அது மச்சானாக இருந்தாலும் சரி.

சுட்டுப் பார்க்க ஆசை இருந்தால், லைசன்ஸ் உள்ளவர் பக்கத்தில் நின்று நேரடியாகக் கண்காணிக்க, அவருடைய துப்பாக்கியால் சுடுவதைக் கனடியச் சட்டம் அனுமதிக்கிறது. எல்லையைத் தாண்டினால் கதை வேறு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அங்குள்ள ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. சுடுமிடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். டெக்சாஸில் இருக்கும் நண்பர்கள் வார இறுதியில் கூட்டிக்கொண்டு போய், படம் எடுத்து முகநூலிலும் போட்டுவிடுவார்கள். அந்தப் படமே சாட்சியாகிவிடும். கிரீன் கார்ட் உள்ளவர் வாங்கலாம், ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் அவரையும் நாடு கடத்தலாம்.

பிரிட்டனில் லைசன்ஸ் கொடுப்பது பொலிஸ்தான். தற்காப்பு என்பதை அங்கே காரணமாக ஏற்கமாட்டார்கள். 1996 இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஆசிரியரும் கொல்லப்பட்ட பிறகு, 1997 இல் கைத்துப்பாக்கிகள் ஏறக்குறைய முழுவதும் தடை செய்யப்பட்டன. ஸ்கொட்லாந்தில் காற்றுத் துப்பாக்கிக்கும் சான்றிதழ் வேண்டும், இங்கிலாந்தில் குறைந்த சக்தி உள்ளதற்கு வேண்டாம். ஒரே நாட்டுக்குள் வீடு மாறினாலே சட்டம் மாறிவிடுகிறது.

சுவிற்சர்லாந்தில் இருக்கும் உறவினர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்நாட்டு ஆயுத விதிகள் சில நாடுகளின் குடிமக்கள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் தடுக்கின்றன. இலங்கை அந்தப் பட்டியலில் இருக்கிறது. அங்கே எத்தனை வருடம் வாழ்ந்திருந்தாலும், நிரந்தர அனுமதி இருந்தாலும், இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவரை இது பொருந்தும். வேட்டை, விளையாட்டு போன்றவற்றுக்கு மாநில அதிகாரிகள் விதிவிலக்காக அனுமதி தரலாம். தனிமனிதனின் நடத்தையைப் பார்க்காமல் கடவுச்சீட்டை வைத்து முடிவு செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

இன்னும் இரண்டு விஷயம். சுடப் போகும்போது கொண்டுபோன பையை விமானப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். ஓரத்தில் மறந்துபோன ஒரேயொரு தோட்டாவுக்காகவும் இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்ட வழக்குப் பதிவாகிறது. அப்புறம், வாடகைக்கு வந்த வீட்டின் பேஸ்மென்டிலோ கராஜிலோ முன்பிருந்தவர் விட்டுப்போன துப்பாக்கியோ தோட்டாவோ கண்ணில் பட்டால் தொடவேண்டாம், காரில் ஏற்றி பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், பொலிஸின் அவசரமில்லாத எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். அவர்களே வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.