எலக்ட்ரிக் கோல்ஃப் டிராலி: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கிண்டி கோல்ஃப் மைதானத்தில், உடன் வந்து பையைச் சுமக்கும் உதவியாளரான கேடியிடம் (caddie) பையை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு நடந்து பழகிய ஒருவர், இங்கிலாந்துக்குக் குடிவந்து பக்கத்து ஊர் கிளப்பில் சேர்ந்தால், முதல் வாரத்திலேயே தம் பையின் எடையைத் தெரிந்துகொள்வார். இங்குள்ள சாதாரணக் கிளப்புகளில் பெரும்பாலும் கேடி என்று யாரும் இருப்பதில்லை. பையைத் தோளில் சுமக்கலாம், தள்ளு டிராலியில் வைத்துத் தள்ளலாம், மோட்டார் பூட்டிய டிராலியை ஓடவிட்டு அதன் பின்னால் நடக்கலாம், அல்லது பக்கி (buggy) எனப்படும் சிறிய மோட்டார் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். அமெரிக்காவில் பக்கிக்கு இருக்கும் செல்வாக்கு பிரிட்டனில் எலக்ட்ரிக் டிராலிக்கு உண்டு. எலக்ட்ரிக் டிராலி தயாரிக்கும், 1983இல் தொடங்கிய பவகேடியும், அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த மோட்டோகேடியும் இந்த மண்ணின் நிறுவனங்களே. சனிக்கிழமை காலையில் முதல் டீ (tee, குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடம்) அருகே வரிசையாக நிற்கும் டிராலிகளைப் பார்த்தால், நமக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் இதற்கான விடையைக் கடையில் தேடுவதைவிட, நீங்கள் ஆடும் மைதானத்திலும் உங்கள் கார் டிக்கியிலும் தேடுவது நல்லது.

முதலில் பையை எடை போடுங்கள். பையோடு எடைக்கருவியில் ஏறி நின்று, பிறகு பையில்லாமல் நின்று, வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால் போதும். விதிப்படி 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அவற்றோடு குடை, மழைச்சட்டை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 12, 13 கிலோ எளிதில் வந்துவிடும். ஒரு பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம் என்று விதி சொல்கிறது. ஆகவே பக்கப்பையில் மறந்துபோன 20 பந்துகள் மட்டுமே கிட்டத்தட்ட 900 கிராம். என் பையைக் கொட்டிப் பார்த்தபோது 31 பந்துகளும், எப்போதோ வாங்கி உருகி ஒட்டிப்போன ஒரு சாக்லேட்டும் கிடைத்தன. அவற்றை நீக்கிய பிறகும் தோள் வலிக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

பையை இப்போது தோளில் சுமப்பவராக இருந்தால், எலக்ட்ரிக் டிராலிக்கு நேராகத் தாவாமல், 150 பவுண்டு அளவில் கிடைக்கும் நல்ல தள்ளு டிராலி ஒன்றை முதலில் முயன்று பார்ப்பதே என் பரிந்துரை. அமெரிக்காவின் டென்வரில் நீல் வால்கொடாஃப் 2008இல் நடத்திய ஆய்வு ஒன்று இங்கே பயன்படும். 9 குழிகள் ஆடுகையில் பையைச் சுமந்தவர்கள் சராசரியாக 721 கலோரியும், தள்ளு டிராலியோடு நடந்தவர்கள் 718 கலோரியும், கேடியோடு வெறுங்கையாக நடந்தவர்கள் 613 கலோரியும், பக்கியில் சென்றவர்கள் 411 கலோரியும் செலவழித்தனர். ஆடியவர்கள் எட்டே பேர் என்பதால் இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. என்றாலும், தள்ளு டிராலியோடு சென்றபோதுதான் அவர்களுடைய ஸ்கோர் மிக நன்றாக இருந்தது. எலக்ட்ரிக் டிராலியை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. கேடியோடு நடப்பதே அதற்கு நெருக்கமான நிலை. அதாவது, உடற்பயிற்சியில் ஓரளவு குறைந்தாலும், பக்கியில் ஏறியவர் இழக்கும் அளவுக்கு இழக்க மாட்டீர்கள்.

தள்ளு டிராலியே ஏற்கெனவே இருக்கிறது என்றால், மைதானத்தின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். 18 குழிகளுக்கு எட்டு முதல் பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். சமதரையான மைதானத்தில் அந்தத் தூரம் முழுவதும் ஒரு கையாலேயே தள்ளிவிடலாம். அங்கே மோட்டார் ஒரு சொகுசு மட்டுமே. மேடு பள்ளமான மைதானத்தில் கதை வேறு. எந்தக் குழியிலிருந்து உங்கள் ஆட்டம் சரிகிறது என்று நான்கைந்து ஸ்கோர் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். 14ஆம் குழிக்குப் பிறகு தொடர்ந்து சரிகிறது என்றால், கால் தளர்வதுதான் காரணமாக இருக்க வாய்ப்புண்டு. அதற்கு இந்த இயந்திரம் உதவும். முதல் குழியிலிருந்தே சரிகிறது என்றால், அந்தப் பணத்தைப் பயிற்சியாளரிடம் கொடுப்பது மேல்.

அடுத்தது பணக்கணக்கு. லித்தியம் பேட்டரியோடு கூடிய நடுத்தர மாடல் ஒன்றின் விலை சுமார் 600 பவுண்டு என்றும், அது ஐந்து ஆண்டுகள் உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 40 முறை ஆடுபவருக்கு, ஒரு சுற்றுக்கு 3 பவுண்டு ஆகிறது. மாதம் ஒருமுறை மட்டும் ஆடுபவருக்கோ 10 பவுண்டு. கிளப்பிலேயே எலக்ட்ரிக் டிராலியை வாடகைக்கு எடுத்தால் பல இடங்களில் 10 முதல் 15 பவுண்டு வரை ஆகும். சார்ஜ் போடும் வேலையும், வீட்டில் இடம் ஒதுக்கும் தொல்லையும் அதில் இல்லை. ஆகவே ஆண்டுக்கு 15 சுற்றுக்குக் குறைவாக ஆடுபவர் வாங்குவதில் பெரிய லாபம் எதுவும் இல்லை.

இந்தக் கணக்கில் பலர் சேர்க்க மறப்பது குளிர்காலத்தை. மழையில் ஊறிய தரையைச் சக்கரங்கள் உழுதுவிடும் என்பதால், நவம்பர் முதல் மார்ச் வரை பல கிளப்புகள் டிராலிகளுக்கு அவ்வப்போது தடை விதிக்கின்றன. களிமண் நிலத்தில் அமைந்த மைதானங்களில் இந்தத் தடை வாரக்கணக்கில் நீளக்கூடும். மணற்பாங்கான கடலோர மைதானங்களிலும் சுண்ணாம்புப் பாறை நிலத்திலும் தண்ணீர் விரைவில் வடிந்துவிடுவதால் அங்கே தடை குறைவு. எனவே கிளப்பின் கடைக்கு ஒரு முறை போன் செய்து, சென்ற குளிர்காலத்தில் எத்தனை நாட்கள் தடை இருந்தது என்று கேளுங்கள். ஹெட்ஜ்ஹாக் என்று இங்கே சொல்லப்படும், சுற்றிலும் முட்கள் போன்ற பிளாஸ்டிக் புடைப்புகள் கொண்ட சக்கரம் இருந்தால் அனுமதி உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உண்டு என்றால் அந்தச் சக்கரங்களின் விலையையும், இல்லை என்றால் தடை நாட்களில் தோளில் மாட்டிக்கொள்ள ஓர் இலகுவான பையின் விலையையும் 600 பவுண்டோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

முதுகுவலிக்காக வாங்குபவர்கள் கார் நிறுத்துமிடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மைதானத்தில் டிராலி உங்கள் சுமையை வாங்கிக்கொள்கிறது. டிக்கியில் ஏற்றி இறக்கும்போது அந்த டிராலியே சுமையாகிவிடுகிறது. பேட்டரி இல்லாமலே 10 கிலோ அளவுக்கு இருக்கும் ஓர் உலோகச் சட்டத்தை, குனிந்து, கையை நீட்டி, டிக்கியின் விளிம்பைத் தாண்டித் தூக்கி உள்ளே வைப்பது, முதுகுக்கு 18 குழிகளும் தள்ளி நடப்பதைவிடக் கடுமையான வேலையாக இருக்கலாம். சில கிளப்புகளில் சார்ஜ் வசதியோடு கூடிய லாக்கர்கள் உண்டு. முதுகு சரியில்லாதவர் டிராலிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அந்த லாக்கருக்குப் பெயர் பதிவுசெய்வதே முறை.

பேட்டரியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், நான் பார்த்தேன். லெட் ஆசிட் பேட்டரியோடு பழைய டிராலி ஒன்றை மலிவாக வாங்கி, ஓர் அக்டோபர் மாலையில் கொண்டுபோனேன். 13ஆம் குழியின் மேட்டில் அது முனகி, வேகம் குறைந்து, ஃபேர்வே எனப்படும் புல் வெட்டிய ஆட்டப்பாதையின் நடுவிலேயே நின்றுவிட்டது. டிராலி, பேட்டரி, பை என 30 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை, பின்னால் வந்த நால்வர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க, நானும் என்னோடு ஆடியவரும் மாறி மாறித் தள்ளினோம். முன்பு வைத்திருந்தவர் சார்ஜ் இறங்கிய நிலையிலேயே அதை மாதக்கணக்கில் கராஜில் போட்டுவைத்திருக்கிறார். அப்படி விட்டால் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிகங்கள் இறுகி, பேட்டரியின் கொள்ளளவு திரும்பாமலே போய்விடும். லித்தியம் பேட்டரியில் அந்தச் சல்ஃபேட் தொல்லை இல்லை. எடையும் இரண்டு மூன்று கிலோதான். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. ஜனவரியில் கராஜில் வைக்காமல் வீட்டுக்குள் எடுத்து வந்து சார்ஜ் போட வேண்டும். மேடான மைதானத்தில் ஆடுபவர் 18 குழிக்கான பேட்டரியை விட்டு 36 குழிக்கானதையே வாங்கலாம். வயதாக ஆகக் கொள்ளளவு குறைந்தாலும் ஒரு சுற்று முழுவதும் தாங்கும்.

விடுமுறைக்குப் போர்ச்சுகலுக்கோ ஸ்பெயினுக்கோ இதைக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், பேட்டரியில் குறித்திருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கிப் பாருங்கள். 12 வோல்ட், 16 ஆம்பியர்-அவர் பேட்டரியே 192 வாட்-அவர் ஆகிறது. பயணிகள் விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரிக்கு உச்சவரம்பு 160 வாட்-அவர்தான்.

கூடுதல் வசதிகளில் இரண்டுக்குப் பணம் கொடுக்கலாம். ஒன்று, இறக்கத்தில் தானாக வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக். சரிவான மைதானத்தில் அது இல்லாவிட்டால் டிராலியைப் பிடித்து இழுத்தபடியே இறங்க வேண்டும். மற்றொன்று, குறிப்பிட்ட தூரம் தானே ஓடி நிற்கும் வசதி. பங்கர் எனப்படும் மணற்பள்ளத்தைச் சமன்செய்துவிட்டு வருவதற்குள் அது அடுத்த டீயின் பக்கம் போய் நின்றிருக்கும். ஜிபிஎஸ் திரை, கையில் கடிகாரமோ போனோ இருப்பவருக்குத் தேவையற்றது. ரிமோட் மூலம் இயங்குபவை பெரும்பாலும் 1,000 பவுண்டைத் தாண்டும். மைதானத்தில் குளம் அதிகம் என்றால் இன்னொரு முறை யோசியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் இரண்டுபட்டால், ஒரே மாதத்தில் மூன்று முறை வாடகைக்கு எடுங்கள். அவற்றில் ஒரு நாளாவது மழைக்கு மறுநாளாக இருக்கட்டும். சக்கரம் சறுக்குவதும், சேறு அப்பிய டிராலியைக் கழுவித் துடைக்கும் வேலையும் அன்றுதான் தெரியும். மூன்றாம் முறை திருப்பிக் கொடுப்பதற்கு முன், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அதை உங்கள் கையாலேயே மடித்து, உங்கள் கார் டிக்கியில் ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.