வாடகைத்தாய் வழியாகப் பிள்ளை: காசு கட்டும் முன் பார்க்க வேண்டியவை

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் பதினெட்டு வருடமாகக் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். என் தங்கைக்கு 29 வயதில் பிரசவத்தின்போது ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. அவள் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பிள்ளையும் தங்கவில்லை. விவரம் தெரியாத சொந்தங்கள் பிள்ளை வரம் கேட்டுப் போகும் திருப்புல்லாணி கோயிலில் பாயசம் வாங்கிச் சாப்பிடச் சொன்னார்கள். யாரிடமும் எதையும் விளக்காமல் அவளும் போய்ச் சாப்பிட்டு வந்தாள். அதற்கு அப்புறம்தான் வாடகைத்தாய் பற்றி விசாரிக்க ஆரம்பித்தோம். இரண்டு வருடம் அலைந்து தெரிந்துகொண்டதை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மருத்துவமனைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால், சட்டம் உங்களை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். 2021இல் இயற்றிய வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம் 25 ஜனவரி 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, சட்டப்படி மணந்த இந்தியக் கணவன் மனைவிக்கு அனுமதி உண்டு. தகுதிச் சான்று தரும் நாளில் மனைவிக்கு 23 முதல் 50, கணவனுக்கு 26 முதல் 55 வயதுக்குள் இருக்க வேண்டும். தனியாக இருப்பவர்களில் கணவனை இழந்த பெண்ணுக்கும் விவாகரத்தான பெண்ணுக்கும் மட்டுமே வழி இருக்கிறது. அவர்களுக்கு வயது 35 முதல் 45. மணமாகாத பெண், மனைவியை இழந்தவர் உட்படத் தனி ஆண், தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்பவர்கள், ஒரே பாலினத் துணைகள் யாருக்கும் அனுமதி இல்லை.

தொண்டிப் பக்கம் ஓர் ஆசிரியை, 38 வயது, கல்யாணம் ஆகாதவர், என்னிடம் வந்து கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதவைக்குக் கொடுக்கும் வழியை இவருக்கு ஏன் அடைக்க வேண்டும்? எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் அவருடைய கர்ப்பப்பை நன்றாகவே இருந்தது. செயற்கைக் கருத்தரிப்புக்கு என்று இருக்கும் இன்னொரு சட்டம், மணமாகாத பெண்ணும் தானம் பெற்ற விந்தணுவால் தானே கருத்தரிக்க இடம் கொடுக்கிறது. அதைச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்தது, ஏற்கெனவே பிள்ளை இருக்கிறதா என்பது. பெற்றதோ, தத்தெடுத்ததோ, உயிரோடு ஒரு பிள்ளை இருந்தால் அனுமதி கிடையாது. பெண் பிள்ளை இருக்கிறது, ஆண் ஒன்று வேண்டும் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. இருக்கும் பிள்ளைக்கு உடல் அல்லது மனக் குறைபாடோ, தீராத உயிர்க்கொல்லி நோயோ இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. அண்ணன் பிள்ளையை முறையாகத் தத்தெடுக்கலாம் என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. நல்ல யோசனைதான், ஆனால் அதைச் செய்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். எது முதலில் என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

வயதுக் கணக்கில்தான் எங்கள் கரையில் பலர் மாட்டுகிறார்கள். தங்கை மாப்பிள்ளை விசைப்படகில் போகிறவர். ஆதாரில் அவர் பிறந்த தேதி ஜனவரி 1. யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் மூன்று வருடம் தள்ளி வேறு தேதி. கடலுக்குப் போக முடியாத தடைக்காலம் 61 நாளில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14க்குள் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். தேதி ஒத்துப்போகவில்லை என்று ஓர் அலுவலகத்தில் கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள், அதுவும் ஐந்து வாரம் வைத்திருந்துவிட்டு. அந்த வருடத் தடைக்காலம் அப்படியே போனது. ஆகவே பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் ஒரே தேதி இருக்கும்படி முதலில் திருத்திக்கொள்ளுங்கள். கல்யாணத்தையும் பதிவு அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். ஜமாத் பதிவேடு, கோயில் ரசீது, சர்ச் பதிவு என எது இருந்தாலும் அரசுச் சான்றிதழும் கையில் இருந்தால் கேள்வி வராது. கணவர் வளைகுடாவில் இருந்தால், விடுப்பில் வரும் நாட்களுக்குள் கையெழுத்து வேலைகளை முடிக்கத் திட்டமிடுங்கள்.

வயது கடந்துவிட்டதே என்று வருந்துபவர்களுக்கு ஒரு செய்தி. இந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே கருவை உருவாக்கி உறைய வைத்திருந்த தம்பதிகளுக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய சிகிச்சைக் காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தம்பதி என்றால் மருத்துவக் காரணமும் வேண்டும். கர்ப்பப்பை இல்லாதது அல்லது குறையுள்ளது, டெஸ்ட் டியூப் முறை பல தடவை தோற்றது, காரணம் தெரியாமல் கரு திரும்பத் திரும்பக் கலைந்தது, சுமந்தால் உயிருக்கே ஆபத்தான நோய் போன்றவை விதிகளில் இருக்கின்றன. இதைப் பார்த்துச் சான்று தருவது மாவட்ட மருத்துவ வாரியம். அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் எல்லாவற்றையும் அசலோடு கொண்டுபோங்கள். அப்புறம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், பிறக்கும் குழந்தை யாருடையது, யார் பொறுப்பு என்று உத்தரவு வாங்க வேண்டும். சுமக்கப்போகும் பெண்ணும் சேர்ந்துதான் மனுப் போட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு 36 மாதக் காப்பீடும் எடுத்தாக வேண்டும். இவை மூன்றும் இருந்தால்தான், வாடகைத்தாய் அவசியம் என்று சொல்லும் தேவைச் சான்று கிடைக்கும். தகுதிச் சான்று தனி. தம்பதிக்கு ஒன்று, சுமப்பவருக்கு ஒன்று.

கருமுட்டை, விந்தணு விஷயத்தில் 2024 பிப்ரவரியில் விதியைத் திருத்தினார்கள். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு மருத்துவக் குறை இருப்பதாக மாவட்ட வாரியம் சான்று தந்தால், அவர் பங்குக்குத் தானம் வாங்கலாம். இருவருக்குமே தானம் வாங்க முடியாது. விதவையும் விவாகரத்தானவரும் தங்கள் சொந்தக் கருமுட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும். தங்கைக்குச் சினைப்பை நன்றாக இருந்ததால் எங்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை.

சுமப்பவர் யார்? மணமானவராக, சொந்தப் பிள்ளை உள்ளவராக, 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆயுளில் ஒரு முறைதான் சுமக்கலாம். அவருடைய கருமுட்டையைப் பயன்படுத்தக் கூடாது. வாடகைத்தாய் என்று நாம் சொன்னாலும் வாடகை கொடுக்கக் கூடாது. மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகள் சொல்லும் செலவு அவ்வளவுதான். பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் ஒரு புரோக்கர் வந்து லட்சக் கணக்கில் ஆசை காட்டியதை நானே கேட்டேன். கடலுக்குள் முங்கிப் பாசி அறுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் அவர்கள். அந்த ஆள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பணத்துக்காக இதை நடத்துகிறவருக்குப் பத்து வருடம் வரை சிறையும் பத்து லட்சம் வரை அபராதமும் உண்டு. காசு கொடுத்து ஏற்பாடு செய்யும் தம்பதிக்கும் முதல் தடவைக்கே ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கலாம். புரோக்கர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எங்களுக்குச் சித்தி மகள் முன்வந்தாள். 31 வயது, இரண்டு பிள்ளைகள். கருவை உள்ளே வைக்கும் வரை அவள் எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம், சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. அதற்கு முந்தின இரவு மதுரையில் லாட்ஜ் அறையில் தங்கையை வெளியே அனுப்பிவிட்டு நான் மட்டும் அவளிடம் கேட்டேன்: "இப்ப வேணாம்னு சொன்னாலும் யாரும் ஒன்னும் சொல்ல மாட்டோம், சொல்லுடி." அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "காலைல எத்தனை மணிக்கு எந்திரிக்கணும்க்கா?" என்றாள்.